எறும்பு மொய்த்த பாறை

பெரியம்மாள் என்ற பெயரை ரஞ்சிதம் முதன்முதலில் கேட்டது, தன்னைப் பெண் கேட்டு வந்த கூட்டத்தின் வாயிலிருந்துதான். "எங்க மூத்த மருமவ பெரியம்மா பொங்கி வெச்சா சாமியே கேட்டு வாங்கித் துன்னும்" என்று மாப்பிள்ளை வீட்டுக் கிழவர் ஒருவர் பீற்றிக்கொண்டார். கதவுக்குப் பின்னால் நின்ற ரஞ்சிதம் பயந்துபோனாள். அப்பேர்ப்பட்டவளுக்கு ஓரகத்தியாகப் போய் என்ன பாடு படப்போகிறோமோ என்று.

போய்ப் பார்த்தால் அப்படியொன்றும் இல்லை. பெரியம்மாள் அதட்டத் தெரியாதவள். ரஞ்சிதத்தின் இரண்டு பிள்ளைகளையும் பூமியில் வாங்கிப் போட்டது அவள் கைதான். கூச்சம் மட்டும் கொஞ்சம் அதிகம். ஓடையில் குளிக்கும்போதுகூட வேறு பெண்கள் கரையேறிய பிறகுதான் இறங்குவாள்.

புதூர்நாட்டுப் பக்கத்தில் இருக்கிற அந்த மலையூரில், ஆடித் திருவிழாவுக்கு அம்மனுக்குச் சாமைப் பொங்கல் வைக்க ஒரு கட்டு உண்டு. தீட்டு நின்றுபோன பெண்தான் பானையைத் தொடலாம். அடுப்பு மூட்டியதிலிருந்து பானை இறக்குகிற வரைக்கும் அவள் அந்த இடத்தை விட்டு நகரக் கூடாது. பெரியம்மாளுக்குத் தீட்டு நின்ற மறு ஆடியே ஊர் அவளைத் தேடி வந்தது. அதுவரை நாலு பேர் நடுவில் தலை நிமிராதவள், அந்த ஒரு நாள் மட்டும் பானைக்குப் பக்கத்தில் நிமிர்ந்து நிற்பாள்.

எண்பத்தோராம் வருஷத் திருவிழாவின்போது ரஞ்சிதம் தூரமாகி, ஊர்க்கோடியில் விலக்கானவர்களுக்கென்று போட்ட குடிசையில் இருந்தாள். மேளம் கேட்டுக்கொண்டே இருந்தது, பாதியில் நின்றது. கொஞ்ச நேரத்தில் பங்காளி வீட்டு மங்கம்மாள், பெரியம்மாளை முன்னால் நடக்கவிட்டு ஓட்டிக்கொண்டு வந்தாள்.

"உள்ள போ. நின்னுபோச்சுன்னு ஊர ஏமாத்திக்கினு இருந்தியா? அடுப்பு எரியசொல்ல எழுந்து ஓடுறா, வர்றப்ப சேலையெல்லாம் ஈரம். இன்னான்னு நெனைக்கிறது? ஆத்தா பானையவே தீட்டாக்கிட்டியே!"

பெரியம்மாள் குனிந்து குடிசைக்குள் நுழைந்து மூலையில் சுருண்டுகொண்டாள்.

மறுநாள் காலையில் ரஞ்சிதம் துணி அலச ஓடைக்குக் கிளம்பினாள். பெரியம்மாளிடம் அலசத் துணியே இல்லை. திரும்பி வரும்போது குடிசைக்குப் பின்னால் பாறை மேல் கறுப்பாக எறும்புச் சாரை. பெரியம்மாள் ஒதுங்கிவிட்டு வந்த இடம் அது.

"இன்னாக்கா, வெல்லப் பானைய இங்க கவுத்துட்டியா?" என்று ரஞ்சிதம் சிரித்தாள்.

பெரியம்மாள் முகம் சுண்டிப்போயிற்று. ஓடிப்போய்க் காலால் மண்ணைத் தள்ளி எறும்பை மூடினாள். ரஞ்சிதத்துக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

"யார்கிட்டயும் சொல்லிடாதடி" என்றாள் பெரியம்மாள். "போன வருசத்துலேர்ந்து இப்டித்தான் கீது. போயிட்டு வந்து குந்தறதுக்குள்ள மறுபடியும் முட்டுது. அங்க எரிச்சல், அரிப்பு. தண்ணி குடிக்கலன்னா நாக்கு ஒட்டிக்குது. பானையத் தொட்டு ஏதோ தப்பு பண்ணிட்டேன் போல. அதான் அத்தினி பேரு எதிர்ல ஆத்தா காட்டிக்குடுத்துட்டா."

"தீட்டு இல்லன்னு ஊர்ல சொல்லேன்க்கா."

"இன்னான்னு சொல்றது? மூத்திரம் அடக்க முடியலன்னா? மாமனாரு மொறையில நிக்கிறவங்க எதிர்லயா? அதுக்கு இந்தக் குடிசையே தேவலாம்."

அதற்கப்புறம் அவள் தண்ணீரைத் தொடவில்லை. குடித்தால் போக வேண்டும், போனால் எறும்பு வரும். ரஞ்சிதம் சொம்பை நீட்ட நீட்டத் தள்ளிவிட்டாள். பிடரி தெறிக்கிறது என்று தலையைச் சேலைத்தலைப்பால் இறுக்கிக் கட்டிக்கொண்டாள். அடுத்த நாள் உச்சிப்பொழுதில் எழுந்து நின்றவள், நின்ற வாக்கில் சரிந்தாள்.

ரஞ்சிதம் குடிசையையும் ஊரையும் பிரிக்கிற எல்லைக்கல் வரைக்கும் ஓடிக் கூச்சல் போட்டாள். புளியமரத்தடியில் இருந்த ஆண்கள் ஓடி வந்து, கல்லுக்கு அந்தப்பக்கமே நின்றுவிட்டார்கள். பெரியம்மாளின் புருஷன் வேடியப்பனும் நின்றான். ஜீப் வரும் தடத்துக்கு ஆளைக் கம்பளியில் போட்டுக் கம்பில் கட்டித்தான் தூக்கிப் போக வேண்டும். அது நாலு ஆம்பிளைகளின் வேலை.

"தீட்டுக்காரிய எவன்மா தோள்ல ஏத்துவான்?" என்றான் வேடியப்பன். கண்ணில் தண்ணீர் நின்றது, கால் நகரவில்லை.

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து மூத்தார் எதிரில் ரஞ்சிதம் குரல் உயர்த்தியதில்லை. அன்றைக்கு உயர்த்தினாள்.

"அவளுக்குத் தீட்டில்ல மாமா! ஒரு துணியில கறையில்ல. மூத்திரம் அடக்க முடியாமத்தான் அடுப்ப வுட்டு ஓடுனா. நம்பலன்னா அந்தப் பாறைய வந்து பாருங்க, எறும்பு மொய்க்குது!"

ஆண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். வேடியப்பன்தான் முதலில் கல்லைத் தாண்டினான். கம்பளியில் தூக்கிப் போடும்போது பெரியம்மாளுக்குக் கொஞ்சம் நினைவு இருந்தது. முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள்.

திருப்பத்தூர் ஆஸ்பத்திரியில் சர்க்கரை என்றார்கள், ரத்தக்கொதிப்பும் இருக்கிறது என்றார்கள். அங்கிருந்த நர்ஸம்மா, "தீட்டு நின்ன பொறவு ஒடம்ப எங்கனா காட்டுனியாம்மா? அந்த வயசுக்கு மேல பொம்பளங்களுக்கு இது ரெண்டும் வர்றதுதான். இதுல வெக்கப்பட இன்னா கீது?" என்று ஊசியைப் போட்டுக்கொண்டே சொன்னாள். பெரியம்மாள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

வீடு திரும்பியதும் ஊர்க்கவுண்டர் வாசலுக்கே வந்து, அடுத்த ஆடிக்கும் நீதான் பானை வைக்க வேண்டும் என்றார். வேண்டாம் என்றுவிட்டாள். அவர் போன பிறகு ரஞ்சிதத்தைப் பார்த்தாள்.

"உசுரக் காப்பாத்துன, சரி. பாறைய ஏன்டி காட்டுன?"

அவர்களை நம்பவைக்க வேறு எதுவும் கையில் இல்லை என்று ரஞ்சிதம் சொல்லியிருக்கலாம். எழுந்து அடுப்படிக்குப் போனாள். அன்றிலிருந்து ஓரகத்தியின் முகத்தை நேருக்கு நேர் பார்க்க அவளுக்குக் கூசுகிறது.

கார்த்திகையில் ஒரு நாள் மங்கம்மாள் பொரி உருண்டையோடு வந்தாள். இனிப்பைத் தான் தொடக் கூடாது என்று பெரியம்மாள் சொன்னதும் உருண்டையை ஓரமாக வைத்துவிட்டு, அக்கம்பக்கம் பார்த்து, "ஏய், ஒனக்கு மொதல்ல எப்பிடி ஆரம்பிச்சுது?" என்று காதோடு கேட்டாள். பெரியம்மாள் அவளை ஏசவில்லை. உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்துக் கதவைச் சாத்தினாள்.

பானை இப்போது வேறொருத்தி கைக்குப் போய்விட்டது. பெரியம்மாள் அதே வீட்டில்தான் இருக்கிறாள். மாத்திரை தீர்ந்தால் மங்கம்மாளோடு ஜீப்பில் திருப்பத்தூர் போய் வருகிறாள். திருவிழா அன்று மட்டும் வெளியே வருவதில்லை.