இருபத்து நான்காவது தோல்வி

கொரியாவின் மாசான் துறைமுக ஊரில், மீன் சந்தையில் பெட்டி தூக்கும் பாங் தல்-சூ, குத்துச்சண்டையில் ஒன்பது முறை வென்றவன், இருபத்து மூன்று முறை தோற்றவன். தோற்ற மறுநாள் வீங்கிய கண்ணோடு வேலைக்கு வந்தால், மீன் வெட்டும் மல்-சூன் அக்கா சூடாக சூப் வைப்பாள்.

"மூஞ்சியப் பாரு, நான் வெட்டுற மீனே தேவலாம். எத்தனை தடவைடா விழுந்தே?"

"மூணுதான். எந்திரிச்சதையும் எண்ணுக்கா."

அவன் சிறந்த வீரன் என்று நான் சொல்லமாட்டேன். இடது கை எப்போதும் தாமதம். ஆனால் விழுந்தால் எழுந்துவிடுவான் என்பதில் சந்தையில் ஒருவருக்கும் சந்தேகம் இருந்ததில்லை.

சென்ற ஆண்டு ஒரு சண்டைக்கு மூன்று நாள் முன்பு அவன் எடை வரம்புக்கு மேல் இரண்டு கிலோ கூடியிருந்தது. மனைவி யோன்-ஓக், தன் உடம்பு இளைக்க வாங்கிய மூலிகைக் கஷாயப் பொட்டலங்களைக் கிம்ச்சி ஊறுகாய் டப்பாவுக்குப் பின்னால் ஒளித்துவைத்திருந்தாள். அவற்றை எடுத்துக் குடித்தான். எங்கள் வீடுகளில் கஷாயத்தை யாரும் மருந்துக் கணக்கில் சேர்ப்பதில்லை. யார் கொடுத்தாலும் குடிப்போம். சண்டையில் வென்றான். சிறுநீர்ச் சோதனையில் தோற்றான். கஷாயத்தில் இருந்தது விளையாட்டில் தடைசெய்யப்பட்ட, ஊக்கமூட்டும் மூலிகை. வெற்றி ரத்து, ஓராண்டுத் தடை.

ஒரு வெற்றி போனதை அவன் பொருட்படுத்தவில்லை. ஐஸ் உடைக்கும் ஹ்வாங் சொன்னதுதான் தைத்தது.

"அதான் அத்தனை அடி வாங்கியும் எந்திரிச்சானா? மருந்துல்ல தூக்கி விட்டிருக்கு!"

தோல்வி ஒரு மாலையைப் பற்றி மட்டும் பேசும். இந்தச் சோதனையோ பின்னோக்கி நடந்து, பன்னிரண்டு வருடத்துத் தோல்விகளையும் அவனிடமிருந்து பிடுங்கிக்கொண்டது. மல்-சூன் அக்காகூட சூப்பை வைத்துவிட்டு மீன் வெட்டப் போனாள்; எத்தனை தடவை விழுந்தான் என்று கேட்கவில்லை.

பயிற்சிக்கூடத்து மாஸ்டர் சோ ஒரு வழி சொன்னார். "தெரியாம சாப்பாட்டுல கலந்துட்டேன்னு உன் பொண்டாட்டி எழுதிக் கொடுத்தா, தடை பாதியாக் குறையும்டா."

"எழுதித் தர்றேங்க," என்றாள் யோன்-ஓக். "நான் என்ன மேடையேறிக் குத்தவா போறேன்?"

"நீ பேசாம இரு. ஒளிச்சு வச்சதத் தேடிக் குடிச்சவன் நான். மாஸ்டர், ஒரு வருஷம்னா ஒரு வருஷம்."

முப்பத்தைந்து வயதில், ஒரு ஞாயிறு பிற்பகல், மறுபடி மேடையேறினான். ஆறு ரவுண்டில் இருமுறை விழுந்தான், இருமுறையும் எழுந்தான், புள்ளிகளில் தோற்றான். இறங்கியவன் நேரே சோதனை அதிகாரியின் மேசைக்குப் போனான்.

"என்னையும் சோதிங்க."

"சாம்பியன் பட்டச் சண்டைக்காரங்களுக்கும் ஜெயிச்சவங்களுக்கும் மட்டும்தாங்க. நீங்கதான் தோத்துட்டீங்களே?"

"அதனாலதான் கேக்கறேன். அன்னிக்கு ஜெயிச்சது கஷாயம்னீங்க, சரி. இன்னிக்கு ரெண்டு தடவை எந்திரிச்சது யாருன்னு எழுதிக் கொடுங்க."

சோ அவன் தோளைப் பிடித்து இழுத்தார். "வாடா, எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டும்."

நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்துவிட்டான். பட்டச் சண்டை முடியும்வரை எழவில்லை. கடைசியில் அதிகாரி பட்டியலின் அடியில் அவன் பெயரைக் கையால் எழுதிச் சேர்த்தார்.

இரண்டு வாரத்தில் முடிவு வந்தது: எதுவும் இல்லை. அந்தத் தாளைச் சந்தை வாசலில் தானே ஒட்டினான். ஈரத்தில் இரண்டே நாளில் கிழிந்தது. இன்னொரு பிரதி எடுத்து ஒட்டினான்.