மூன்றாம் வகுப்பு பெஞ்சில் நான்

இன்று காலை மூன்றாம் வகுப்பு பெஞ்சில் என் முட்டி மாட்டிக்கொண்டது. டீச்சர்தான் பெஞ்சை நகர்த்தி விடுவித்தார்.

என் மகள் நிலா பயத்தால் இரண்டு மாதமாகப் பள்ளிக்குப் போகவில்லை. "அப்பாவும் கூட உக்காரட்டும்" என்பது டீச்சரின் யோசனை. நிலா என் சட்டையை விடவில்லை, வாயும் திறக்கவில்லை.

நான் ஆம்பூர் ஷூ கம்பெனி ஆள் என்று தெரிந்ததும் பக்கத்துப் பாப்பா ஷூவைக் கழற்றி நீட்டினாள்.

"அங்கிள், சோல் பிரிஞ்சிடுச்சு. ஒட்டிக் குடுங்க."

"ஏய்! எங்கப்பா கட்டிங் செக்‌ஷன்! ஒட்டறதெல்லாம் வேற செக்‌ஷன்!"

கத்தியது நிலா! வகுப்பே சிரித்தது. அவளும் சிரித்தாள்!

அப்புறம் என்னையே தள்ளினாள். "நீ கெளம்புப்பா, ஷிப்டுக்கு லேட்டாவுது."

சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை நண்பர்களே! வாசலில் நின்று திரும்பிப் பார்த்தேன். அவள் பார்க்கவில்லை.

"இன்னும் அஞ்சு நிமிஷம் இருக்கட்டுமாம்மா?" என்று நான் அவளிடம் கேட்காததுதான் பாக்கி.