ஆழமாக விழுந்த வெட்டு

கித்துல்கல பக்கத்து றப்பர் தோட்டமொன்றில் நான் வாத்தியாராக இருந்தபோது அவரைத் தெரியும். றப்பர் மரப்பட்டையைக் கீறிப் பால் எடுக்கும் ஒல்லியான பால்வெட்டுக்காரர். இடது கால் மட்டும் வேறு யாருடையதோ போலப் பருத்திருக்கும். மரச்சுற்று அளக்கும் கயிற்றால் ஞாயிறுதோறும் அந்தக் காலை அளந்து ஒரு முடிச்சுப் போடுவார். ஒருநாள் எண்ணினேன், பதினொரு முடிச்சுகள்.

"மரம் இந்த வேகத்துல பருத்தா தொரைக்குச் சந்தோசம் மாஸ்டர்," என்று சிரித்தார். பிறகு, "ஏன் இப்படி வீங்குது?" என்றார்.

அட்டை கடித்த புண்ணில் கிருமி புகுந்து ஐந்து முறை அவருக்குக் காய்ச்சல் கண்டிருந்தது. தோட்டத்து டாக்டர் என்னிடம் சொன்னதை எளிமையாக்கிச் சொன்னேன்.

"தசையில ஊறுற நீரைத் திரும்ப எடுத்துட்டுப் போக மெல்லிசா நிணக்குழாய்ங்க இருக்கு. ஒவ்வொரு காய்ச்சலும் அதைக் கெடுத்திருச்சு. பட்டைக்குள்ள பால் நிக்கிற மாதிரி நீர் உள்ளேயே தேங்கிருச்சு."

அந்த உவமையை நான் சொல்லியிருக்கக் கூடாது.

மூன்றாம் நாள், நீர் வடியட்டுமென்று, மரத்தில் போடுவதுபோலவே பால்வெட்டுக் கத்தியால் காலில் சாய்வாக ஒரு கோடு இழுத்துவிட்டார். ஆறாம் நாள் புண்ணின் விஷம் இரத்தத்தில் ஏறி, ஆஸ்பத்திரியில் கிடந்தார்.

"நீங்க சொன்னது சரிதான் மாஸ்டர். தெளிஞ்ச நீரா வடிஞ்சிச்சு. நான்தான் ஆழமா வெட்டிட்டேன். இருபது வருசத்துல ஒரு மரத்தைக்கூட நான் பட்டை தாண்டிக் காயப்படுத்தினதில்ல."

அவர் கை தவறவில்லை, என் பேச்சுத்தான் தவறியது என்று சொல்ல நான்கு நிமிடம் இருந்தது. நர்ஸ் வந்து வெளியே அனுப்பும்வரை நான் சொல்லவில்லை. மறுநாள் விடியுமுன், தன் கையைக் குறைசொன்னபடியே அவர் போய்விட்டார்.