சிவந்துபோன வால்வு

அவர் செங்கல்பட்டு ஜங்ஷனில் தந்தி குமாஸ்தா. திருவிடந்தைப் பக்கத்து மீனவக் குடும்பம். யுத்தத்தில் ஒயர்லெஸ் பழகி, திரும்பி வந்ததும் ரயில்வேயில் சேர்ந்தவர். ஏரிக்கரையோரம் குடியிருந்த வீட்டில், லைசென்ஸ் வாங்கி, பொழுதுபோக்காக வெளிநாட்டுக்காரர்களோடு பேச ஓர் அமெச்சூர் ரேடியோ வைத்திருந்தார். ராணுவம் கழித்துப்போட்ட சாமான்களில் அவரே கட்டிய ஆம்ப்ளிஃபயர்தான் அவர் தட்டும் மோர்ஸ் சங்கேதத்தைக் கடல் தாண்டிக் கொண்டுபோனது. நான் பள்ளிக்கூடத்தில் சயன்ஸ் வாத்தியார். லைசென்ஸ் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்ததால், ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் பக்கத்தில் போய் உட்காருவேன்.

ஓர் ஐப்பசியில் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று அவர் குடும்பத்தோடு ஊருக்குக் கிளம்பினார். சாவியை என்னிடம் தந்தார். "மழ வந்தா ஜன்னல சாத்து வாத்தியாரே. செட்டாண்ட மட்டும் போவாத."

போனேன். மத்தியானம், வீட்டில் யாருமில்லை. செட்டைப் போட்டு மோர்ஸ் தட்டும் கட்டையை அழுத்தினேன். அழுத்தியதும் குமிழைத் திருகி மீட்டர் முள்ளை இறக்க வேண்டும். நான் தப்பான பக்கம் திருகிவிட்டேன். முள் கடைசிவரை ஏறியது. ஆம்ப்ளிஃபயரின் கண்ணாடி வால்வுக்குள் இருந்த தகடு கொல்லன் உலை இரும்பு மாதிரி சிவந்தது. கையை எடுக்கத் தோன்றாமல் அழுத்திக்கொண்டிருந்தேன். அணைத்தபோது கருகல் வாடை. வீட்டைப் பூட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

அவர் திரும்பி வந்து செட்டைப் போட்டார். "இன்னா இது, முள்ளு எறங்கவே மாட்டேங்குது?" நான் பக்கத்தில்தான் இருந்தேன். அவரோடு சேர்ந்து நானும் மீட்டரைக் குனிந்து பார்த்தேன்.

மாற்று வால்வு ஒன்றே ஒன்று பஞ்சில் சுற்றி வைத்திருந்தார். "இத்த மாட்டி இதுவும் பூட்ச்சின்னா? மொதல்ல வேற எங்க கோளாறு கீதுன்னு பாப்போம்" என்றார். இரண்டு ஞாயிறு ஒவ்வொரு ஒயராகத் தொட்டுப் பார்த்தார். மூன்றாவது ஞாயிறு ஆம்ப்ளிஃபயரைக் கவிழ்த்துப்போட்டு அடிப்பக்கத்தைப் பிரித்தார். அங்கே இரண்டு பெரிய கண்டென்சர்கள். கரண்டை நிறுத்தினாலும் அவற்றில் மின்சாரம் தங்கியிருக்கும்; ஸ்க்ரூடிரைவரால் ஒவ்வொன்றையும் தொட்டுத் தீர்க்க வேண்டும். முதலாவதைத் தொட்டார். பட்டென்று பொறி பறந்தது.

என்னால் அதற்குமேல் தாங்க முடியவில்லை. "அண்ணே..." என்றேன்.

"இன்னா?" என்று திரும்பினார்.

அவர் முகத்தைப் பார்த்ததும் சொல்ல வந்ததை மாற்றிக்கொண்டேன். "ஒண்ணுமில்ல."

மறுபடி செட்டின் பக்கம் திரும்பியவர் இரண்டாவது கண்டென்சரை மறந்துவிட்டு உள்ளே கையை விட்டார். தூக்கிப்போட்டது. உதறி இழுத்த கை இரும்புத் தகட்டின் விளிம்பில் கிழிந்தது. அவர் மனைவி புடவையைக் கிழித்துக் கட்ட, குதிரை வண்டியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். நரம்பு அறுந்துவிட்டது, வலது கையில் இரண்டு விரல் இனி மடங்காது என்றார்கள்.

மறுநாள் கட்டிலருகே நின்று எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன்.

"எவ்ளோ நேரம் செவந்து இருந்துச்சி?" என்று கேட்டார்.

"அரை நிமிஷம் இருக்கும்."

கண்ணை மூடிக்கொண்டார். "அப்போ வால்வுதான் பூட்ச்சி. அடியில பிரிச்சிருக்கவே வேணாம்."

வீடு திரும்பியதும் இடது கையாலேயே புது வால்வை மாட்டினார். முள் ஒழுங்காக இறங்கியது. இடது கையால் தட்டிப் பழகினார். வருஷக்கணக்காகப் பேசி, தட்டும் விதத்தை வைத்தே அவரை அடையாளம் கண்டுகொள்ளும் கொழும்புக்காரர் ஒருவரிடமிருந்து பதில் வந்தது. அதைக் காகிதத்தில் கோணல் எழுத்தில் எழுதி, என்னிடம் நீட்டினார்: 'தட்டுவது யார்? அவர் எங்கே?'

அதன்பிறகு அவர் செட்டைப் போடவில்லை. ரயில்வேயில் அவரைத் தந்தியிலிருந்து பார்சல் ஆபீசுக்கு மாற்றினார்கள். கேட்டவர்களிடமெல்லாம் தன் கவனக்குறைவு என்றே சொன்னார். நான் பரீட்சை எழுதவில்லை. பிளாட்பாரத்தில் எதிர்ப்பட்டால், "நாஸ்தா ஆச்சா வாத்தியாரே?" என்பார். ஆச்சு என்பேன். அவர் பார்சல் மூட்டைகளின் பக்கம் திரும்பிவிடுவார்.