நம்பீமா மகளின் முட்டி

மசாக்கா ஊரின் டாக்சி நிறுத்தத்தில் வாழைப்பழம் வாட்டி விற்கும் நம்பீமாவுக்கு வாய் கொஞ்சம் நீளம். ஆனால் பிள்ளை வளர்ப்பில் அவளைக் குறை சொல்ல ஊரில் ஆளில்லை. அவள் மகள் நசூனா, அந்த ஊர்ப் பெண்களின் வழக்கப்படி, பெரியவர்களைக் கண்டால், தரை சேறானாலும் சரி, இரண்டு முட்டியும் பட மண்டியிட்டுத்தான் வணக்கம் சொல்வாள். ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையாது என்று அம்மாக்காரி சின்ன வயதிலேயே வளைத்து வைத்திருந்தாள்.

அப்படிப்பட்ட பெண் பதினெட்டு வயதில் வளைய மறுத்தாள். பெரியப்பா கிகுண்டு வந்தபோது ஒரு காலை நீட்டி, ஒருபக்கமாகச் சரிந்து, அரைகுறையாகக் குனிந்தாள். கிகுண்டு விடுவாரா?

"என்ன நம்பீமா, ஒம் மக படிச்சு முடிக்கறதுக்கு முன்னாடியே மந்திரி ஆயிட்டா போல. இனிமே நாங்கதான் மண்டி போடணுமா?"

நம்பீமாவுக்கு மானம் போயிற்று. மகளின் தோளில் கை வைத்து அழுத்தினாள். "ஒழுங்கா போடுடி. ரெண்டு எழுத்து படிச்சதும் திமிரு ஏறிடுச்சா?"

"வலிக்குதும்மா."

"வலிக்கும், வலிக்கும். நெட்பால் ஆடறப்ப வலிக்காது, பெரியவங்களைப் பாத்தா மட்டும் வலிக்கும்."

நசூனா பல்லைக் கடித்துக்கொண்டு மண்டியிட்டாள். அதற்குப் பிறகு வந்த அத்தை, பாதிரியார், பக்கத்து வீட்டுக்காரர் எல்லோருக்கும் மண்டியிட்டாள். தயங்கிய போதெல்லாம் அம்மாவின் கை தோளுக்கு வந்தது. ஒரு நாள் தண்ணீர்க் கேனைத் தூக்கிக்கொண்டு மேடு ஏறியவள் அப்படியே விழுந்தாள், எழுந்திருக்க முடியவில்லை. பாவாடையை விலக்கிப் பார்த்த பிறகுதான் நம்பீமாவுக்கு வீக்கம் தெரிந்தது. இத்தனை நாள் எந்தக் கண்ணை வைத்துக்கொண்டு பார்த்தாளோ!

ஆஸ்பத்திரியில் டாக்டர் செகாபீரா எக்ஸ்ரேயை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். முட்டிக்கு மேலே, தொடை எலும்பு முடியும் இடத்தில், எலும்புக்கு இருக்க வேண்டிய வெள்ளையைக் காணோம். கறையான் அரித்த மரம் மாதிரி இருந்தது. ஊசி போட்டுத் துணுக்கு எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார். முடிவு வரும் வரை நம்பீமா வாட்டிய பழமெல்லாம் கரிந்தது. பழகிய டிரைவர்களே வாங்க யோசித்தார்கள்.

"கேன்சர் இல்லம்மா" என்றார் டாக்டர்.

நம்பீமா அந்த இடத்திலேயே மண்டியிட்டு நன்றி சொன்னாள்.

"எழுந்திரும்மா, நான் இன்னும் முடிக்கல. உயிரை வாங்கற கட்டி இல்ல. ஆனா இருக்கற எடத்துல எலும்பைத் தின்னுக்கிட்டே இருக்கும். வலி ஆரம்பிச்சப்பவே வந்திருந்தா சுலபமா சுரண்டி எடுத்திருக்கலாம். இப்ப முட்டி வரைக்கும் வந்துடுச்சு."

"இப்ப என்ன செய்யறது டாக்டர்?"

"சுரண்டிட்டு எலும்பு சிமென்ட் வெச்சு அடைக்கலாம். முட்டி மடங்கும். ஆனா கட்டி திரும்பி வரலாம், வந்தா மறுபடி அறுக்கணும். இல்லன்னா கெட்டுப்போன பாகத்தை முழுசா எடுத்துட்டு, கம்பி வெச்சுக் காலை நீட்டிச் சேத்துடலாம். திரும்பி வர்றது அபூர்வம். ஆனா முட்டி எப்பவும் மடங்காது."

"மடங்கறதையே செய்யுங்க" என்றாள் நம்பீமா, மூச்சு விடாமல். "மண்டி போட முடியாத பொண்ணை எந்த வீட்டுல எடுப்பாங்க? மாப்பிள்ளை வீட்டார் வர்ற அன்னிக்கு இவ மட்டும் நட்ட மரமா நிப்பாளா?"

டாக்டர் சிரிக்கவில்லை. அவர் வீட்டுப் பெண்களும் மண்டியிடுகிறவர்கள்தான். நசூனாவின் பக்கம் திரும்பினார். "கால் உன்னோடது. நீ என்ன சொல்ற?"

நசூனா வீங்கிய முட்டியைத் தடவினாள்.

"நீட்டியே வெச்சிடுங்க டாக்டர்."

"பைத்தியமாடி ஒனக்கு? ஆயுசுக்கும் ஒருத்தர் முன்னாடியும் உன்னால..."

"தெரியும்மா." நசூனாவின் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் நம்பீமா பதிலுக்குக் கத்தியிருப்பாள். "நீ தோளை அழுத்தறப்பல்லாம் உள்ள என்னவோ நொறுங்குற சத்தம் எனக்குக் கேட்டுது. எல்லார் முன்னாடியும் உனக்கு அவமானமாயிடுமேன்னுதான் வெளிய சொல்லல. இன்னொரு தடவை அந்தச் சத்தத்தைக் கேக்க என்னால முடியாதும்மா."

நம்பீமாவுக்கு மகளின் முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

"அவ சொன்னபடியே செய்யுங்க டாக்டர்" என்றாள்.