என் வரிகளைத் தின்ற சிறு விண்டோ

பள்ளியிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு திருத்தங்கலில் ஒரு காலண்டர் அச்சகத்தில் ஆறு வருடம் வேலை பார்த்தேன். தினசரி காலண்டரில் ஒரு தாளுக்குத் திதி, நட்சத்திரம், ராகு காலம் என்று பதினொரு வரி. வருடத்துக்கு நாலாயிரத்துப் பதினைந்து. பஞ்சாங்கத்தைப் பார்த்து அவற்றைக் கணினியில் ஏற்றுவது என் பொறுப்பு. டைப்ரைட்டிங்கில் ஹையர் பாஸ் செய்தவன் நான். கண் பஞ்சாங்கத்தில் இருக்கும், விரல் தானாக ஓடும். ஒரு தாள் முடிந்தால்தான் நிமிர்ந்து வரிகளை எண்ணுவேன்.

இரண்டாயிரங்களின் நடுவில் அச்சகத்துக் கணினிகளை எல்லாம் இலவச மென்பொருளுக்கு மாற்றினார்கள். மாற்றிய மூன்றாம் வாரம் ஒரு தாளில் பத்து வரிதான் இருந்தது. பதினொன்றையும் அடித்தது எனக்கு நன்றாக நினைவிருந்தது. மறுநாள் இரண்டு தாள்களில் அப்படி. அதற்கு மறுநாள் மூன்று.

என் அண்ணனுக்கும் இப்படித்தான் தொடங்கியது. குளித்துவிட்டேன் என்பார்; துண்டு காய்ந்து கிடக்கும். கடைசி இரண்டு வருடம் என்னைப் பார்த்தே, "யார் வீட்டுப் பிள்ளை?" என்று கேட்டார். அவருக்குத் தொடங்கிய வயது எனக்கும் வந்திருந்தது. விருதுநகரில் பஸ் ஏறியதும் பதினேழாம் வாய்ப்பாட்டைத் தலைகீழாகச் சொல்லிப் பார்ப்பேன். வழியிலுள்ள நிறுத்தங்களை வரிசையாகச் சொல்வேன். எல்லாம் சரியாக வரும். அச்சகத்தில் போய் உட்கார்ந்தால் மறுபடி ஒரு வரி குறையும். மனைவியிடம் சொல்லவில்லை. குறைந்த ஒவ்வொரு வரியையும் நேரத்தோடு ஒரு நோட்டில் குறித்துக்கொண்டேன். எதையும் எண்ணி வைத்தால் கொஞ்சம் பயம் அடங்கும் எனக்கு. இது அடங்கவில்லை.

அடுத்த மேசையில் பக்கம் வடிவமைக்கும் பெண் இருந்தார். நாற்பதைத் தாண்டியவர். தீப்பெட்டி ஆபீஸில் லேபிள் ஒட்டிக்கொண்டே டி.டி.பி. படித்து மேலே வந்தவர்.

"என்ன சார், தினமும் நோட்டுல என்னமோ குறிக்கீக? எங்க மேல புகாரா?"

"என் மேலதாம்மா" என்று நோட்டைக் காட்டினேன். பத்தொன்பது குறிப்புகள். "முதலாளிகிட்டச் சொல்லிட்டு நின்னுக்கிடலாம்னு இருக்கேன். தப்பான நாள்ல யாராவது கல்யாணம் வச்சிட்டா?"

"மூணு வருசமா உங்க எண்ணிக்கை ஒரு நா தப்பல. இப்ப மட்டும் திடீர்னு தலை கெட்டுப் போச்சாக்கும்?"

அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மறுநாள் ஸ்டூலை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் பஞ்சாங்கத்தைப் பார்த்து அடித்தேன்; அவர் திரையைப் பார்த்தார். நாலாவது தாளில், "சார், கையை எடுங்க. அப்பிடியே இருங்க" என்றார்.

திரையின் நடுவில் ஒரு சின்ன விண்டோ நின்றது. அடுத்த அறையில் அச்சுக்குப் பிலிம் எடுக்கும் இயந்திரம் ஒரு வேலையை முடித்தால், அதைச் சொல்ல எல்லாக் கணினியிலும் இது வரும். வந்ததும் மற்றதை எல்லாம் தள்ளிவிட்டு முன்னால் நிற்கும். அதற்குப் பிறகு நான் அடிக்கும் எழுத்தெல்லாம் அதற்குள் போய்க் காணாமல் போகும். வரி முடிந்து நான் என்டர் தட்டினால் அதுவே மூடிக்கொள்ளும். நிமிர்ந்து பார்க்கும்போது ஒரு தடயமும் இருக்காது.

"உங்க கையாலேயே அதை வழியனுப்பி வச்சிருக்கீக" என்றார்.

பிலிம் இயந்திரம் வேலை முடித்த நேரங்களை எடுத்து என் நோட்டோடு ஒப்பிட்டோம். பதினேழு பொருந்தின.

"மீதி ரெண்டு?" என்றேன்.

"ரெண்டும் உங்களோடது சார். எனக்கு ஒரு நாளைக்கு இருபது தப்பு வருது. நான் என்ன வைத்தியர்கிட்டயா ஓடுதேன்?"

அந்த இலவச மென்பொருளில் எந்த விண்டோ முன்னால் நிற்கலாம் என்று தீர்மானிப்பது தனியாக ஒரு நிரல். அதை எழுதுகிறவர்களுக்கு அவர் ஆங்கிலத்தில் ஒரு மின்னஞ்சல் அனுப்பினார். எந்த நாட்டுக்காரரோ, ஒருவர் பதில் எழுதினார். எத்தனை முறை நடந்தது, எந்தெந்த நேரம், அப்போது தட்டச்சு நடந்துகொண்டிருந்ததா? வாழ்நாள் முழுக்க, எதற்கு இப்படி எண்ணுகிறீர்கள் என்று கேட்டவர்களைத்தான் பார்த்திருக்கிறேன். எத்தனை என்று கேட்ட முதல் ஆள் அவர்தான். நோட்டு முழுவதையும் சொல்லச் சொல்ல அந்தப் பெண் அடித்து அனுப்பினார்.

ஒன்பதாம் நாள் திருத்தம் வந்தது. ஒருவர் தட்டச்சு செய்யும்போது புதிய விண்டோ முன்னால் வரக்கூடாது என்று மாற்றியிருந்தார். என் வரிகள் தப்பித்தன. ஆனால் புதிய விண்டோக்கள் எல்லாம் பின்னால் போய் ஒளிந்துகொண்டன. பிலிம் தீர்ந்துவிட்டது என்ற செய்தியை யாரும் பார்க்காமல் இயந்திரம் இரண்டு மணி நேரம் சும்மா நின்றது. அடுத்த வருடக் காலண்டர்களின் மாதிரி ஆல்பம் ஆடிப்பெருக்கன்று வெளியாக வேண்டும். முதலாளி எங்கள் இருவர் மேலும் எரிந்து விழுந்தார். மறுபடி எழுதினோம். இந்த முறை ஆறு நாள். புதிய விண்டோ பின்னாலேயே இருக்கும். அதன் பெயர் மட்டும் திரையின் அடியிலுள்ள பட்டையில் விட்டு விட்டு ஒளிரும். நாமாகப் பார்த்துத் திறந்துகொள்ள வேண்டியதுதான்.

ஒரு மாதத்துக்கான தாள்களை அடித்தேன். முப்பது தாள், முந்நூற்று முப்பது வரி. எண்ணினேன். இன்னொரு முறையும் எண்ணினேன். ஒன்றும் குறையவில்லை.

அந்த மனிதருக்கு நன்றி எழுத வேண்டும் என்று சொன்னபோது அந்தப் பெண் சிரித்தார். "ஒரு விண்டோவுக்கா சார் இம்புட்டுப் பெரிய லெட்டர்?"

அப்போதுதான் அண்ணனைப் பற்றி அவரிடம் சொன்னேன். பஸ்ஸில் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டு வந்ததையும் சொன்னேன். விரலை விசைப்பலகையில் வைத்துக்கொண்டு கேட்டார்:

"இதையும் போடவா, வேணாமா?"

"போடுங்க."

நாலு நாளில் பதில் வந்தது. முதல் மூன்று வரி அந்த ஒளிர்வதைப் பற்றியது, எனக்கு விளங்கவில்லை. நாலாவதை அந்தப் பெண் தமிழில் சொன்னார்: எல்லோருக்கும் வெளியிடும் முன் அந்த மனிதர் இன்னொரு முறை சோதிக்கிறாராம், வேறு யாரும் தன் தலையைச் சந்தேகப்படக்கூடாது என்பதற்காக.

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போய் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டு முடித்துவிட்டு, "அந்த ரெண்டு வரி எதுன்னு பாத்தீகளா?" என்றாள். பார்த்திருந்தேன். இரண்டுமே மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு விட்டவை, கண் சொருகியிருக்கிறது.