கடல் தாண்டியவர்கள் கதையும் அத்தையும்

கல்யாணமாகி மல்லாங்கிணறு வந்த பிறகும் எனக்கு வாசிப்பு விடவில்லை. என் கணவர் விருதுநகர் சந்தைக்குப் போகும்போதெல்லாம் நூலகத்தில் ஓர் ஆங்கிலப் புத்தகம் எடுத்து வருவார். தலைப்பைப் பார்க்க மாட்டார்; தடிமனைத்தான் பார்ப்பார். "அடுத்த சந்தை வரைக்கும் காணும்ல?" என்பார்.

அறுபதுகளின் தொடக்கத்தில் அடுத்தடுத்து மழை பொய்த்து, எங்கள் மானாவாரிக் காடு விளையவில்லை. சிவகாசியில் அச்சகம் வைத்திருந்த நண்பர் அவரை வேலைக்குக் கூப்பிட்டார். அத்தை, அதாவது என் மாமியார், சம்மதிக்கவில்லை.

"ஊர விட்டுப் போனா நம்மள யாருன்னு எவனுக்குத் தெரியும்?"

தாயும் மகனும் பேச்சையே நிறுத்திக்கொண்டார்கள்.

அந்த வாரம் வந்த புத்தகம், ஸ்காட்லாந்திலிருந்து அயர்லாந்துக்குப் போய், அங்கிருந்து அமெரிக்காவுக்குக் கப்பலேறிய குடியானவர்களைப் பற்றியது. மதியம் நிலக்கடலை உடைத்துக்கொண்டிருந்த அத்தை, "என்ன தாயி, அப்படி முழுகிக் கெடக்க?" என்றார். சொன்னேன்.

"ரெண்டு தடவையா ஊர மாத்துனாக?"

"ஆமாத்தை. வெளச்சல் இல்ல, குத்தகையும் ஏறிப்போச்சு. போன எடத்துலயும் நல்ல நெலமெல்லாம் முன்னால வந்தவுக கையில. இவுகளுக்கு மலைக்காடுதான் மிச்சம்."

"பொறவு?"

தினமும் கொஞ்சம் படித்துச் சொன்னேன். அவர்களுடைய பிடில், தாய்மார் பாடிய கதைப்பாட்டுகள், எவருக்கும் வளையாத பிடிவாதம் எல்லாம் கூடவே போயிருந்தன. மலையில் பாடிய மெட்டுகள் கீழே இறங்கி, அமெரிக்கா முழுக்க ரேடியோவில் கேட்கிற பாட்டுகளாயின. அத்தை கடலையை மறந்து கேட்டார்.

"அப்ப பாட்டு அழியலையா?"

"அழியல. அந்த நாடே இப்ப அதக் கேக்குது."

அன்று சாயங்காலம் மகனுக்குச் சோறு போட்டபடி அவராகவே ஆரம்பித்தார். "கடல் தாண்டிப் போயே பெழச்சிருக்காக. சிவகாசி எம்புட்டுத் தூரம்லே? போவோம். காட்ட மட்டும் விக்கப்படாது."

என் கணவர் சோற்றில் கை வைத்தபடி என்னைப் பார்த்தார். என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை.

சிவகாசியில் முதலில் அத்தை வாசலுக்கே வரவில்லை. பிறகு, தீப்பெட்டிக் கூடு ஒட்டிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுப் பெண்களோடு போய் உட்கார்ந்தார். தீபாவளிக்குள் தெருவுக்கே 'மல்லாங்கிணத்து அத்தை' ஆகிவிட்டார்.

அடுத்த கோடையில் எங்கள் வரிசை வீடுகளில் ஒன்றுக்கு இன்னொரு குடும்பம் வந்தது. அந்தக் குடும்பத்துப் பெண் மாட்டுவண்டியிலிருந்து இறங்காமல் அழுதுகொண்டிருந்தாள். எங்களுக்கெல்லாம் முன்னால் அத்தைதான் போய் அவள் கையைப் பிடித்தார்.

"எறங்குத்தா. ஒல வச்சுட்டேன். சாப்பிட்டுட்டுச் சாமான எறக்கலாம்."